டாக்டரைப் பார்க்காமலே அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை

அமெரிக்கச் சிற்றூர் கிளினிக்கில் அம்மாவுக்கு பிரஷர் 152 என்று பார்த்து, டாக்டர் பார்க்காமல் நர்ஸ் பிராக்டிஷனரே (கூடுதலாகப் படித்து, தானே நோயாளியைப் பார்த்து மருந்து எழுதும் நர்ஸ்) மாத்திரை எழுதிவிட்டார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக நம்பலாம். 1965இல் கொலராடோவில் தொடங்கிய படிப்பு இது. நர்ஸ் பட்டத்துக்கு மேல் முதுகலையாவது முடித்திருப்பார். மருந்து எழுதும் உரிமை எல்லா மாநிலங்களிலும் உண்டு. சிலவற்றில் டாக்டருடன் ஒப்பந்தம் வேண்டும், அவ்வளவுதான்.

நான் கேட்க நினைப்பது வேறு. அந்த 152 எப்படி எடுத்தது? நானும் இப்படியொரு கிளினிக்கில்தான் வேலை பார்க்கிறேன். மூச்சு வாங்க வந்தவருக்கு, ஸ்வெட்டர் கைமேலேயே பட்டையைச் சுற்றி, பேச்சு கொடுத்துக்கொண்டே எடுத்தால் கூடத்தான் காட்டும். வீட்டில் 5 நிமிடம் சாய்ந்து உட்காரவைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கலாக வைத்து, காலையும் மாலையும் ஒரு வாரம் எடுத்து எழுதுங்கள். அந்தத் தாளை அந்த நர்ஸ் பிராக்டிஷனரிடமே காட்டுங்கள். அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.