கியர்பாக்ஸை இறக்கும் முன்: கிளட்ச் பற்றி வாசகர்களின் கேள்விகள்

கோடை விடுமுறை நெருங்கும்போது எனக்கு வரும் கேள்விகளில் பாதி கிளட்ச் பற்றியதாகத்தான் இருக்கும். மலைக்குப் போக நாள் குறித்த பிறகுதான் பலருக்கு வண்டியின் இழுவை குறைந்திருப்பது கண்ணில் படுகிறது. இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்குச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

பெட்ரோல் ஹேட்ச்பேக், 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பாலம் ஏறும்போது இன்ஜின் சத்தம் கூடுகிறது, வண்டி அந்த அளவுக்குப் போவதில்லை. இரண்டு வாரத்தில் குடும்பத்தோடு கொல்லிமலை போகிறோம். போய்வந்து மாற்றிக்கொள்ளலாமா? (ஈரோடு வாசகர்)

வேண்டாம், போகும் முன்பே மாற்றிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். காலியான நேர்ச் சாலையில் நான்காவது கியரில் 40, 50 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை ஒரே மிதியாக மிதியுங்கள். கிளட்ச் முழுதாகப் பிடித்திருந்தால் இன்ஜின் சுற்றும் வேகமும் சக்கரம் சுற்றும் வேகமும் ஒன்றோடொன்று பூட்டிக்கிடக்கும். ஆர்.பி.எம். முள்ளும் வேக முள்ளும் சேர்ந்துதான் ஏறும். ஆர்.பி.எம். மட்டும் குபீரென்று எகிறி, வேகம் அப்படியே நின்றால் கிளட்ச் பிளேட், அதாவது இன்ஜினின் சுழற்சியைப் பிடித்து கியர்பாக்ஸுக்குக் கடத்தும் தட்டு, வழுக்குகிறது என்று அர்த்தம். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, நின்ற இடத்தில் கியரில் முறுக்கிப் பார்க்கும் சோதனை எனக்குப் பிடிக்காது. தேய்ந்த பிளேட்டை அதுவே கருக்கிவிடும்.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் முதல் கியருக்கோ இரண்டாவது கியருக்கோ இறங்கி, முழுச் சுமையோடு திரும்ப வேண்டும். வழுக்கினால் சூடு, சூடேறினால் பிடிமானம் இன்னும் குறையும், குறைந்தால் இன்னும் வழுக்கும். இதை நான் ஒருமுறை தப்பாகக் கணித்திருக்கிறேன். ஏற்காடு போகிற ஒருவரிடம், "இப்போதைக்கு ஓடும், வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். அங்கே 20 வளைவுதான் என்கிற தைரியம். பாதி மலையில் வண்டி நின்றுவிட்டது. பின் சீட்டில் கைக்குழந்தை. மறுநாள் கியர்பாக்ஸை இறக்கியபோது கரி போலக் கறுப்புத் தூள் கொட்டியது. பிளேட் ஒட்டிப் பிடிக்கும் இன்ஜின் பக்கச் சக்கரமான ஃப்ளைவீலின் முகம் முழுக்க நீலத் திட்டுகள், நகத்தால் தடவினால் மெல்லிய வெடிப்புகள் தட்டுப்பட்டன. பிளேட்டும், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டும் மாற்றி முடிந்திருக்க வேண்டிய வேலை, ஃப்ளைவீலையும் சேர்த்து வாங்க வைத்தது. அதற்கப்புறம் வழுக்கும் கிளட்ச்சோடு யாரையும் நான் மலைக்கு அனுப்பியதில்லை.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பாவது மாற்றுங்கள். புது பிளேட் முதல் 500 கி.மீ. வரை சமதளத்தில் நிதானமாக ஓடிப் படிய வேண்டும்.

45,000 கி.மீ.தான் ஆகிறது. கிளட்ச் பெடல் கல் மாதிரி இருக்கிறது. முழு செட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். (தாம்பரம் வாசகர்)

வழுக்கவில்லை, வாடை வரவில்லை என்றால் கியர்பாக்ஸில் கை வைக்க இப்போது விடாதீர்கள். உங்கள் வண்டி கேபிள் கிளட்ச் என்றால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான். உறைக்குள்ளே துருப்பிடித்தோ, இழை பிரிந்தோ இருக்கும். கேபிள் மாற்றுவது சின்ன வேலை, சின்னச் செலவு. கூடவே பெடல் இறுகும் முன் இருக்கும் இடைவெளியையும் (ஃப்ரீ பிளே) பார்க்கச் சொல்லுங்கள். மேலிருந்து கையால் அழுத்தினால் கொஞ்ச தூரம் லேசாக இறங்கி, பிறகுதான் இறுக வேண்டும். எவ்வளவு என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். அந்த இடைவெளியே இல்லாமல் கேபிளை இழுத்து வைத்திருந்தால் நல்ல பிளேட்டும் வழுக்கத்தான் செய்யும். செட் போய்விட்டது என்று சொல்லப்பட்ட சில வண்டிகளை அட்ஜஸ்ட்மென்ட்டை மட்டும் சரிசெய்து திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

புது கேபிள் போட்டும் பெடல் இறுக்கமாகவே இருந்தால் பிரஷர் பிளேட்டோ, பெடலை மிதிக்கும்போது அதைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கோ காரணமாக இருக்கலாம். அப்போது இறக்கிப் பார்ப்பது நியாயம். கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் வண்டியில் பெடல் தொளதொளவென்று கீழே போனால் அது வேறு கதை. சிலிண்டர் கசிகிறதா, பிரேக் ஆயில் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் சொன்ன தொகையில் பாதிதான் எங்கள் ஊர் மெக்கானிக் கேட்கிறார். எங்கே கொடுப்பது? (மதுரை வாசகர்)

முதலில் இரண்டு எஸ்டிமேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படியுங்கள். பாதி விலை என்றால் பெரும்பாலும் பாதி சாமான். ஒருவர் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஆயில் சீல், கியர் ஆயில் எல்லாம் போட்டிருப்பார். இன்னொருவர் பிளேட்டுக்கும் லேபருக்கும் மட்டும் சொல்லியிருப்பார். ஒரே பட்டியலுக்கு இருவரிடமும் விலை கேட்டால்தான் உண்மையான வித்தியாசம் தெரியும். கையில் இருப்பது பழைய எஸ்டிமேட் என்றால் புதிதாகக் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். அதற்கு முன் பலவற்றுக்கு 28 இருந்தது.

கார் கம்பெனிகள் பொதுவாகக் கிளட்ச்சைத் தாங்களே செய்வதில்லை. வேலியோ, லுக், எக்ஸெடி போன்றவர்களிடம் வாங்கித்தான் பொருத்துகிறார்கள். அதே தயாரிப்பாளரின் செட் கடையிலும் கிடைக்கும். ஆகவே வெளியே மாற்றினாலே மட்டமான சாமான் என்று நினைக்க வேண்டாம். ஆனால் போலிகள் உண்டு. பில்லோடு வாங்குங்கள், பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள்.

பெயர்ப்பலகையைவிட யார் கையால் கியர்பாக்ஸ் இறங்குகிறது என்பதுதான் முக்கியம். அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இதே மாடலுக்கு முன்பு மாற்றியிருக்கிறாரா? கியர்பாக்ஸைத் தாங்க ஜாக் இருக்கிறதா? இரண்டு பையன்கள் தோளில் தாங்கி ஏற்றும்போது, கியர்பாக்ஸின் பாரம் ஒரு நிமிஷம் ஷாஃப்ட் வழியாகப் புது பிளேட்டின் நடுவில் தொங்கினாலே போதும், பிளேட் வளைந்துவிடும். பிறகு வண்டியை நகர்த்தும்போதெல்லாம் உதறும். பழி பாகத்தின் மேல் விழும்.

கேபிள் கிளட்ச் உள்ள சின்ன கார், வாரண்டி முடிந்தது என்றால் தெரிந்த நல்ல மெக்கானிக்கிடம் தயங்காமல் கொடுக்கலாம். நல்ல கைக்கு அது ஒரு நாள் வேலை. டூயல் மாஸ் ஃப்ளைவீல் (நடுவில் ஸ்பிரிங் வைத்த இரட்டை ஃப்ளைவீல்) உள்ள டீசல் வண்டி என்றால் அதற்கான கருவி உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். வாரண்டிக்குள் இருக்கும் வண்டியை வெளியே கொடுக்காதீர்கள். தேயும் பொருள் என்பதால் கிளட்ச் பிளேட்டுக்கு வாரண்டி பெரும்பாலும் கிடையாது. ஆனால் ஆயில் சீல் கசிந்து பிளேட் நனைந்திருந்தால் அது தேய்மானம் அல்ல. அதைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் அழுத்திக் கேளுங்கள்.

பிளேட்டை மட்டும் மாற்றினால் போதாதா? (திருச்சி வாசகர்)

இந்த வேலையில் பெரிய உழைப்பே கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதுதான். பிளேட்டை மட்டும் போட்டுவிட்டு, ஆறு மாதத்தில் பேரிங் கத்த ஆரம்பித்தால் அதே லேபரை மறுபடி கொடுக்க வேண்டும். செட்டாகவே மாற்றுங்கள். இன்ஜின் பின்பக்க ஆயில் சீலையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். கசிவின் சுவடு இருந்தால் மாற்றிவிடுங்கள், சீலின் விலை சொற்பம். ஃப்ளைவீலில் லேசான கோடுகள் இருந்தால் லேத்தில் கொடுத்து முகம் சீவலாம். வெடிப்பு இருந்தால் புதிதுதான். டூயல் மாஸ் ஃப்ளைவீலை மட்டும் எந்த லேத்துக்கும் அனுப்பாதீர்கள்.

என்னுடையது ஏ.எம்.டி. வண்டி. கிளட்ச் பெடலே இல்லையே, எனக்கும் இந்தச் செலவு உண்டா? (கோவை வாசகர்)

உண்டு. ஏ.எம்.டி.யிலும் உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸும் உலர் கிளட்ச் பிளேட்டும்தான். உங்கள் காலுக்குப் பதில் ஒரு கருவி மிதிக்கிறது. மேட்டில் சிக்னலுக்கு நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாகக் கொடுத்து வண்டியைத் தாங்கி நிறுத்துவதுதான் இதன் முதல் எதிரி. பிரேக்கை மிதித்து நில்லுங்கள். மாற்றிய பிறகு ஸ்கேனர் போட்டு, புது கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் கொடுத்தால் புது பிளேட் போட்டும் வண்டி குலுங்கும்.

நெடுஞ்சாலையில் போகும்போது கிளட்ச் போனால் என்ன செய்வது? (விழுப்புரம் வாசகர்)

லேசாக வழுக்க ஆரம்பித்திருந்தால் ஏ.சி.யை நிறுத்துங்கள், ஆக்சிலரேட்டரை மென்மையாகக் கொடுங்கள், முந்திச் செல்ல வேண்டாம். அப்படிப் பக்கத்து ஊர் வரை போய்விடலாம். கருகிய வாடை வந்தால் ஓரம்கட்டி ஆறவிடுங்கள். ஆறிய பிறகும் வழுக்கினால் டோ வண்டியைக் கூப்பிடுவதுதான் மலிவு. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். வழியில் கிடைத்த கடையில் அவசரத்துக்கு கிளட்ச் செட் போடுவதை மட்டும் தவிருங்கள். கேபிள் அறுந்ததென்றால் பரவாயில்லை, அதை எங்கேயும் மாற்றலாம்.

வண்டியை விற்கப்போகிறேன். கிளட்ச் மாற்றிவிட்டு விற்கவா? (சேலம் வாசகர்)

வேண்டாம். போட்ட பணம் முழுதாகத் திரும்பாது. கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்று வாங்குபவரிடம் சொல்லி, அதற்கு ஏற்ற மாதிரி விலையைக் குறையுங்கள். சொல்லாமல் விற்கக்கூடாது.

60,000 கி.மீ.யில் கிளட்ச் போய்விட்டது. நான் ஓட்டுகிற விதம்தான் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா? (வேளச்சேரி வாசகி)

சென்னை நெரிசலில் 60,000 ஓடியது குறைச்சல் இல்லை. அதே வண்டி திண்டுக்கல் பக்கம் நெடுஞ்சாலையிலேயே ஓடியிருந்தால் லட்சத்தைத் தாண்டியிருக்கலாம். கியர் மாற்றாத நேரத்திலும் இடது கால் பெடல் மேலேயே இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். இருந்தால், காலைப் பக்கத்தில் தரையில் வைக்கப் பழகுங்கள்.

மற்றபடி பதில் அந்தப் பழைய பிளேட்டிலேயே இருக்கிறது, மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டு முகமும் ஒரே சீராகத் தேய்ந்து, ரிவெட் தலைகள் மேற்பரப்புக்கு நெருங்கி வந்திருந்தால் அது ஆயுள் முடிந்த பிளேட், உங்கள் மேல் குற்றமில்லை. கண்ணாடி போல மின்னி, கருகிப்போயிருந்தால் பெடலைப் பாதி மிதித்தபடியே ஓட்டும் ஹாஃப் கிளட்ச் அதிகம் என்று அர்த்தம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சீல் கசிந்திருக்கிறது, ஓட்டியவர் யாராக இருந்தாலும் அது போயிருக்கும். முதலாவதோ மூன்றாவதோ என்றால் பிளேட்டை ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.