சந்தியாகோவுக்கு அமைதியான ஒரு வழி

கேள்வி: ஸ்பெயினிலுள்ள சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவுக்கு நடந்தே யாத்திரை செல்ல விரும்புகிறேன். கூட்டம் குறைந்த பாதை எது?

பதில்: மிக அதிகமானோர் நாடும் பிரெஞ்சுப் பாதையில், யாத்திரையை முடித்ததற்கான சான்றிதழுக்குத் தேவையான 100 கிலோமீட்டரை மட்டும் நடப்போர் வந்து சேரும் சாரியா ஊருக்குப் பிறகு, தனிமை கிடைப்பது அரிது. ஒன்பதாம் நூற்றாண்டில் அரசர் இரண்டாம் அல்போன்சோ சென்றதாகச் சொல்லப்படும், வட ஸ்பெயினிலுள்ள ஒவியேதோ நகரில் தொடங்கி ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீளும் ஆதிப் பாதையையே நான் பரிந்துரைப்பேன். மலையேற்றம் கடுமையானது, ஒஸ்பிதாலெஸ் முகட்டில் நெடுந்தூரம் கடையோ தங்குமிடமோ இல்லையாதலால் உணவும் நீரும் கையோடு இருக்க வேண்டும். மூடுபனி சூழ்ந்தால், தயங்காமல் போலா தே அல்யாந்தே ஊர் வழியாகத் தாழ்வான பாதையில் செல்லுங்கள். மெலீதே ஊரில் ஆதிப் பாதை பிரெஞ்சுப் பாதையோடு கலந்துவிடுவதால், கடைசி ஐம்பது கிலோமீட்டருக்குக் கூட்டத்தைத் தவிர்க்க இயலாது; அங்கு மட்டும் தங்குமிடத்தை முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.