மனு குடுத்தும் பதில் இல்லையே அக்கா!

கேள்வி: எங்க ஊரு பால்வாடி கட்டடத்துல சிமெண்ட் பேந்து கம்பி தெரியுது அக்கா, போன வாரம் பிள்ளைங்க தூங்கற பாய் மேலயே ஒரு கட்டி விழுந்துச்சு, நல்லவேளை யாரும் படுத்திருக்கல. கோயில் திருவிழாவுக்கு வந்த எம்.எல்.ஏ. கையிலயே மனு குடுத்தேன், மூணு மாசமாச்சு, ஒரு பதிலும் இல்ல. நாங்கல்லாம் நடவுக்குப் போறவங்க, எங்க பேச்சு எடுபடுமா?
— ஒரு அம்மா, திருத்துறைப்பூண்டி பக்கம்

பதில்: கண்டிப்பா எடுபடும் தங்கச்சி. படிக்கும்போதே எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. சத்துணவுக் கூடத்துல புடிச்ச தீ கூரைக்குப் பரவி, 2004 ஜூலை 16-ல கும்பகோணத்துல 94 பிள்ளைங்களை வாரிக்குடுத்த மண்ணு இது, இங்க பிள்ளைங்க இருக்கற கட்டடம்னா யாரும் அசட்டையா இருக்கவே கூடாது.

திருவிழாக் கூட்டத்துல குடுக்கற மனு சால்வை மாலையோட சேந்து எங்கயாவது போயிடும். அதனால அவர் ஆபீஸுக்கே போங்க, தனியா போகாதீங்க, பால்வாடிக்குப் பிள்ளைய அனுப்புற பத்து அம்மாமாரா சேந்து போங்க, இடுப்புல பிள்ளையோட போனாலும் சரிதான். மனு ஒரே பக்கம் இருக்கட்டும், எத்தனை பிள்ளைங்க, எந்த தேதியில கட்டி விழுந்துச்சு, பேந்த இடத்தோட போட்டோ, எல்லாரோட கையெழுத்து, இது போதும். இன்னொரு காப்பியில சீல் போட்டு வாங்கிக்குங்க, அத மட்டும் மறந்துடாதீங்க. "பாக்கறோம்"னு சொன்னா விட்டுட்டு வராதீங்க, தொகுதி மேம்பாட்டு நிதியில புதுக் கட்டடத்துக்குப் பரிந்துரை பண்ணுங்கனு வாய்விட்டுக் கேளுங்க. வருஷத்துக்கு 3 கோடி அந்த நிதி, அவர் பரிந்துரைச்சா கலெக்டர் அனுமதி குடுக்கணும், எம்.பி.க்கும் இதே மாதிரி 5 கோடி இருக்கு, அவருக்கும் ஒரு காப்பி போகட்டும்.

அடுத்து கிராம சபை. அக்டோபர் 2, நவம்பர் 1 ரெண்டும் சம்பா வேலை நேரத்துல வரும், ஒரு நாள் கூலி போகும்னு தெரியும், ஆனாலும் அன்னைக்கு மட்டும் போயிடுங்க. தலைவர் இருந்தாலும், அவருக்குப் பதிலா அரசாங்கம் போட்ட தனி அலுவலர் இருந்தாலும் சரி, உங்க கண்ணு முன்னாடி தீர்மானப் புத்தகத்துல எழுத வைங்க. வாயால சொன்னது காத்தோட போயிடும், எழுதுனது ஒன்றிய ஆபீஸ் வரைக்கும் பேசும். தீர்மான நகலோட திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போய் மனு நம்பர் வாங்கிக்குங்க, பஸ் செலவுக்கு யோசிச்சா முதல்வர் ஹெல்ப்லைன் 1100-க்கு போன் போட்டும் பதியலாம். அப்பவும் அசையலனா தகவல் உரிமைச் சட்டத்துல (ஆர்.டி.ஐ.) 10 ரூபா கட்டணத்தோட மனு போட்டு என் மனு யார் மேசையில இருக்குனு கேளுங்க, 30 நாள்ல பதில் சொல்லியாகணும்.

இதெல்லாம் நடக்க நாளாகும், ஐப்பசி மழை அதுவரைக்கும் காத்திருக்காது. அதனால நாளைக்குக் காலையிலயே டீச்சரோட போய் ஒன்றிய ஆபீஸ் பி.டி.ஓ.வையும், பால்வாடிகளைப் பாத்துக்கற அதிகாரி சி.டி.பி.ஓ.வையும் பாத்து, ஸ்கூல்ல ஒரு ரூமோ சமுதாயக்கூடமோ குடுங்க, பிள்ளைங்களை இன்னைக்கே மாத்துங்கனு எழுதிக் குடுத்துட்டு வாங்க.