அட்டையில் அச்சடிக்காத வசனம்

அன்புள்ள அக்கா,

ஸ்தோத்திரம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் புது வருஷத்துக்கான வேத வசனம் என்று நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வந்தது. ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ சந்தோஷமாகப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். மார்ச்சில், அம்பத்தூரில் பதினான்கு வருடம் வேலை பார்த்த கம்பெனியில் என்னையும் சேர்த்துப் பலரை நிறுத்திவிட்டார்கள். ஆறு வாரமாகிறது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பி, 29சி பஸ் பிடித்துப் பெசன்ட் நகர் போய் வேளாங்கண்ணி சர்ச்சில் உட்கார்ந்திருக்கிறேன். நாங்கள் சிஎஸ்ஐ, புராட்டஸ்டன்ட்; அது கத்தோலிக்கக் கோயில், எங்கள் சபை ஆட்கள் அங்கே வரமாட்டார்கள் என்ற தைரியம்தான். ஒரு ஜெபக்கூட்டத்தில் ஊழியக்காரர் ஒருவர், உங்களுக்கு விசுவாசக் குறைவு, விதைத்தது பலமடங்காகத் திரும்பி வரும், விதைக் காணிக்கை போடுங்கள், தொண்ணூறு நாளில் கதவு திறக்கும் என்றார். வீட்டுக் கடன் ஓடுகிறது. மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். வேறு வேலை கிடைத்தபிறகு மனைவியிடம், ஆண்டவர் செய்த நன்மை என்று ஒரு சாட்சியாகச் சொல்லலாம் என்று காத்திருக்கிறேன். இந்த நிலைமையில் ஆண்டவர் நடத்துகிறார் என்று எப்படி அக்கா நம்புவது?

பெயர் வேண்டாம், பெரம்பூர்

*

அன்புள்ள தம்பி,

முதலில் ஒரு விஷயம். அந்த அட்டைகளை அச்சடித்தவர்களில் நானும் ஒருத்தி. என் வீட்டுக்காரர் வேப்பேரியில் சின்னதாக ஒரு பிரஸ் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, பில் புக், நவம்பர் பிறந்தால் சபைகளுக்கு வாக்குத்தத்த அட்டை. வசனம் பொறுக்குவது என் வேலை. ஒரு நாற்பது வசனத்தைத்தான் திரும்பத் திரும்பப் போடுவோம், ஆர்டர் கொடுக்க வருகிறவர்களே ‘எரேமியா 29:11 மறக்காம போடுங்கம்மா’ என்பார்கள், அதனால் அது மட்டும் கூடுதலாக வெட்டி அடுக்குவோம். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஆண்டவர் ஒரு கட்டிங் மெஷின் வழியாகவும் பேசுவார் என்று நம்புகிறவள்தான் நான். ஆனால் பதினோராம் வசனத்தை அத்தனை வருடம் அச்சடித்த எங்களிடம் ஒருவர்கூடப் பத்தாம் வசனத்தைக் கேட்டதில்லை. அதை எடுத்துப் பாருங்கள். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூத ஜனங்களிடம், அங்கே எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் உங்களைத் திரும்ப வரப்பண்ணுவேன் என்கிறார். எழுபது வருஷம்! அந்தக் கடிதத்தை (ஆமாம், அந்த அதிகாரத்தில் பெரும்பகுதி ஒரு கடிதம்தான், எருசலேமிலிருந்து எரேமியா எழுதி அனுப்பியது) வாங்கிப் படித்த பெரியவர்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்பியிருக்கவே முடியாது.

அதற்கு முந்தின அதிகாரத்தையும் ஒருமுறை படியுங்கள். அதில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் பாபிலோன் ராஜாவின் நுகம் உடையும், எடுத்துப்போன ஆலயப் பாத்திரமெல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் நின்று சொல்கிறான். கேட்ட எல்லாருக்கும் இனித்திருக்கும். எரேமியாவே முதலில் ‘ஆமென், அப்படியே ஆகட்டும்’ என்றுதான் சொல்கிறார், பாவம். ஆனால் கர்த்தர் அந்த ஆளை அனுப்பவே இல்லை என்று கடைசியில் தெரிகிறது. உங்கள் தொண்ணூறு நாள் ஊழியக்காரரைப் பற்றி இதற்குமேல் நான் எதுவும் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். விதைக் காணிக்கை போடாதீர்கள். வேலை போனவனின் கையிலிருக்கும் கடைசிப் பணத்தைக் கேட்கிறவர் எந்த வசனத்தைக் காட்டிக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

சரி, எழுபது வருஷம் காத்திருக்க வேண்டியவர்களுக்கு எரேமியா என்ன செய்யச் சொன்னார்? வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், உங்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோன அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள் என்றார். இவ்வளவுதான். எனக்கு நடத்துதல் என்றால் இதுதான் தம்பி. ரொம்ப நாள் நானும் உங்களைப்போலத்தான், நடத்துதல் என்றால் போய்ச்சேரும் இடம் முன்கூட்டியே தெரிவது, கதவு திறப்பது என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போஸ்தலனாகிய பவுலைப் பாருங்கள். ஆசியா (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) பக்கம் போகாதே என்று ஆவியானவர் தடுத்தார், அப்புறம் மக்கெதோனியாவுக்கு வா என்று தரிசனம் கிடைத்தது, நம்பிப் போனார், பிலிப்பியில் அடி வாங்கிக் காலில் தொழுமரம் மாட்டி உள்ளே போட்டார்கள். தப்பான பஸ் ஏறிவிட்டோம் என்று அவர் நினைத்ததாக அப்போஸ்தலர் நடபடிகளில் எங்கேயும் இல்லை.

எங்கள் கதையையும் சொல்கிறேன். 2011-இல் என் வீட்டுக்காரருக்கு ஒரு நாள் காலையில் வலது கை, கால் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரி, பிசியோதெரபி, இதற்கு நடுவில் பிரஸ்ஸை ஆள் வைத்து நடத்திப் பார்த்தேன், முடியவில்லை. கடைசியில் ஆப்செட் மெஷினைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்தோம். அப்போது எல்லாரும் வந்து ‘எல்லாம் நன்மைக்கே’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள், ஒருவரும் அரிசி வாங்கி வரவில்லை. நான் பொய் சொல்லக் கூடாது, ஒருத்தர் வாங்கி வந்தார், பக்கத்து வீட்டு பாய் வீட்டம்மா. ஏன் அப்படி நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் இன்னும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார். நான் மெய்ப்புத் திருத்தும் வேலைக்குப் போனேன், ஒரு பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று. அந்த வருடங்களில் என்னால் சொல்ல முடிந்த ஒரே ஜெபம் 88-ஆம் சங்கீதம். படித்திருக்கிறீர்களா? மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது துதியில் வந்து நிற்கும். இது நிற்காது, இருட்டிலேயே முடிந்துவிடும். அதையும் நாங்கள் எந்த அட்டையிலும் அச்சடித்ததில்லை. ஆனால் வேதத்துக்குள் அது இருக்கிறது, யாரும் அதை வெட்டி எறியவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வேளாங்கண்ணி சர்ச்சில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அதை வாய்விட்டுப் படியுங்கள். மாதா ஒன்றும் சொல்லமாட்டார்.

வேப்பேரி என்றதும் இன்னொருவர் ஞாபகத்துக்கு வருகிறார். நாம் படிக்கிற பழைய தமிழ் வேதாகமத்துக்கு அடித்தளம் போட்ட ஜெர்மன் மிஷனரி பெப்ரீசியஸ். 1740-இல் இந்தியாவுக்கு வந்தவர், வேப்பேரியில் இருந்துதான் மொழிபெயர்த்தார். புதிய ஏற்பாடு 1772-இல் வந்தது. பழைய ஏற்பாடு முழுதாக அச்சேறி முடிந்தது 1796-இல், அவரோ 1791-லேயே இறந்துபோனார். அந்த மனிதர் வயதான காலத்தில் இதே மெட்ராஸில் கடனுக்காகச் சிறையில் கிடந்தார், தெரியுமா? மற்றவர்கள் நம்பிக் கொடுத்த பணத்தைப் பிறருக்குக் கடனாகக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டார். வார்த்தையில் அவ்வளவு கவனமாக இருந்தவருக்குப் பணக்கணக்கு கைவரவில்லை. ஆண்டவர் நடத்துகிற ஆளுக்கும் கணக்குப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவரை நினைக்கும்போதெல்லாம் தோன்றும்.

அதனால் கணக்குக்கு வருவோம். பதினான்கு வருடம் வேலை பார்த்திருக்கிறீர்கள், கிராஜுவிட்டி உங்களுக்குச் சேர வேண்டியது, கேட்டு வாங்குங்கள், எழுத்தில் கேளுங்கள். வீட்டுக் கடன் கொடுத்த பேங்க்குக்கு நீங்களே போய் மேனேஜரிடம் நிலைமையைச் சொல்லுங்கள், தவணை தவறி அவர்கள் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டாம். வட்டிக்கு மட்டும் எங்கேயும் வாங்கிவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை டிபன் பாக்ஸில் நின்றுவிட்டேன். விடியற்காலையில் எழுந்து ஒருவர் அதைக் கட்டிக் கொடுக்கிறார், நீங்கள் அதை எலியட்ஸ் பீச்சில் எங்கேயோ உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள். ஆண்டவர் நடத்துகிறார் என்று எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறீர்களே, அடுத்த அடி ஆறு வாரமாக உங்கள் கையில்தானே இருக்கிறது? வேலை கிடைத்த பிறகு சாட்சி சொல்வது இருக்கட்டும். இன்று ராத்திரி மகள் தூங்கின பிறகு சொல்லுங்கள். வசனம் எதுவும் சேர்க்காமல், வேலை போய்விட்டது, பயமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். திட்டுவார். வேலை போனதற்கு இல்லை, ஆறு வாரம் பொய் சொன்னதற்கு. வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா