ஊசி போட்டும் திரும்பி வரும் மடிநோய்: கேள்வி பதில்

நோயுற்ற மாடு, ஆடு, நாய்களிடம் எடுத்த மாதிரிகளில் பாக்டீரியாவை வளர்த்துப் பார்ப்பதுதான் என் வேலை. இந்த வாரம் கேட்டிருந்தவர்களில் பாதிப் பேர் மடிநோய் பற்றியே கேட்டிருந்தீர்கள். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மூன்றாம் ஈத்து ஜெர்சி கலப்பு மாடு. பின்பக்கக் காம்பு ஒன்றில் பால் திரிதிரியாக வருகிறது. ஊசி போட்டால் சரியாகிறது, இருபது நாளில் திரும்பி வந்துவிடுகிறது. லேப் ரிப்போர்ட்டில் அந்த மருந்து கேட்கும் என்றுதான் இருக்கிறது. ரிப்போர்ட் தப்பா டாக்டர்?

ரிப்போர்ட் தப்பில்லை. ஆனால் அது சொல்வது தட்டில் வளர்ந்த கிருமியைப் பற்றி. தனித்தனியாக, வேகமாகப் பெருகும் கிருமிமேல் மருந்து வில்லையை வைத்து, சுற்றிலும் எவ்வளவு தூரம் வளராமல் நிற்கிறது என்று அளக்கிறோம். மடிக்குள் அது அப்படி வாழ்வதில்லை.

இரண்டு நாள் தேய்க்காத தண்ணீர்க் குடத்துக்குள் கையை விட்டுப் பாருங்கள், வழுவழுவென்று ஒரு படலம் தட்டுப்படும். அதுதான் பயோஃபிலிம். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி பால் நாளத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, சர்க்கரையும் புரதமும் கலந்த பசையைத் தன்னைச் சுற்றிச் சுரந்து, அதற்குள் கூட்டமாகக் குடியிருக்கிறது. அந்தப் பசை சில மருந்துகளைத் தாமதப்படுத்தும். அதைவிடப் பெரிய காரணம், அடியில் இருக்கும் கிருமிகள் வளராமல் சும்மா கிடப்பது. பெனிசிலின் வகை மருந்துகள் கிருமி தன் செல்சுவரைக் கட்டும்போதுதான் அதைக் கொல்லும். கட்டாமல் கிடக்கும் கிருமியை அவற்றால் அவ்வளவாக ஒன்றும் செய்ய முடியாது. ஊசி முடிந்ததும் அவை விழித்துப் பெருகுகின்றன, இருபதாவது நாள் மறுபடியும் திரி வருகிறது.

இந்தக் கிருமி இப்படி ஒட்டிக்கொள்ள உதவும் 'பாப்' என்ற புரதத்தை, 2001-இல் மடிநோய் மாட்டிலிருந்து எடுத்த கிருமியில்தான் கண்டுபிடித்தார்கள். போதாததற்கு, இது மடியின் செல்களுக்குள்ளும் புகுந்து ஒளியும், சின்னச் சின்ன சீழ்க்கட்டிகளுக்குள்ளும் பதுங்கும்.

அப்படியென்றால் அது ரெசிஸ்டன்ஸ்தானே?

இல்லை, இது வேறு. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். பயோஃபிலிமிலிருந்து பிரித்து எடுத்தால் அதே கிருமி அதே மருந்துக்குச் சாகும். உண்மையான எதிர்ப்புத்திறன் மரபணுவில் இருக்கிறது. பெனிசிலினை உடைக்கும் நொதியைத் தருவது பிளாஇசட் மரபணு. மெக்ஏ என்ற மரபணு இருந்தால் பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் ஏறக்குறைய எல்லாமே கைவிடும். அதன் உறவான மெக்சி பற்றி 2011-இல் அறிவித்தார்கள், முதலில் கண்ணில் பட்டது இங்கிலாந்துப் பசும்பாலில்.

ஆனால் இரண்டுக்கும் தொடர்பு உண்டு. படலத்துக்குள் கிருமிகள் தோளோடு தோள் உரசிக் கிடப்பதால் எதிர்ப்பு மரபணுக்களைக் கைமாற்றிக்கொள்வது எளிது. குறைந்த அளவு மருந்து அடிக்கடி வந்து போனால், எதிர்ப்புள்ளவை மட்டும் மிஞ்சிப் பெருகும். பிராண்டை மாற்றி மாற்றி ஊசி போடுவதை நான் எதிர்ப்பது இதனால்தான்.

வீரியமான கிருமி என்றால் படலமும் கெட்டியாக இருக்குமா?

அப்படி இருக்க வேண்டியதில்லை. வீரியமாகத் தாக்குவது வேறு, படலம் கட்டி நீடிப்பது வேறு. ஈ.கோலை என்ற கிருமி தாக்கினால் ஒரே நாளில் காய்ச்சல் ஏறும், மடி கல்லாகும், பால் தண்ணீராகும், சில நேரம் மாடே படுத்துவிடும். ஸ்டஃபிலோகாக்கஸ் பெரும்பாலும் சத்தமில்லாமல் மாதக்கணக்கில் இருக்கும். இந்த ஸ்டஃபிலோகாக்கஸிடம் ஒரு சுவிட்ச் மாதிரி ஏற்பாடு உண்டு. கூட்டம் பெருகியதை உணர்ந்தால் ஒட்டும் வேலையைக் குறைத்து நஞ்சு சுரப்பதைக் கூட்டும். மாட்டின் வெள்ளையணுக்களைத் துளைத்துக் கொல்லும் நஞ்சுகூட இதனிடம் இருக்கிறது.

இரண்டு ஊசியிலேயே பால் தெளிந்துவிட்டது. நிறுத்திவிட்டு சொசைட்டிக்கு ஊற்றலாமா?

வேண்டாம். பால் தெளிந்தது வீக்கம் குறைந்ததைக் காட்டுகிறது, கிருமி போனதைக் காட்டவில்லை. டாக்டர் சொன்ன நாள் வரை போடுங்கள். மருந்து லேபிளில் உள்ள விலக்கு நாள் முடியும் வரை பாலைக் கொட்டத்தான் வேண்டும். காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று நம்பாதீர்கள். அந்தப் பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாக உறையாமல் போகலாம், ஏனென்றால் தயிர்க் கிருமியையும் மருந்து தடுக்கிறது. அதைக் குழந்தை குடிக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

லாப்ரடார் நாய்க்குக் காது நாற்றம், ஆறு மாதமாகச் சொட்டு மருந்து விடுகிறேன்.

பெரும்பாலும் இதே படலக் கதைதான், கிருமி சூடோமோனாஸாக இருக்கலாம். அழுக்கின் மேல் மருந்தை விட்டால் பயனில்லை. முதலில் செவிப்பறை கிழியவில்லை என்று டாக்டர் பார்க்க வேண்டும், அப்புறம் நன்றாகக் கழுவ வேண்டும், அதற்குப் பிறகுதான் சொட்டு. அலர்ஜி இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது இருந்தால் காது நோய் திரும்பத் திரும்ப வரும்.

கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு பூசலாமா?

ஆரம்ப வீக்கத்தில், டாக்டரின் பார்வையில் பூசலாம். காய்ச்சல் அடித்துத் தீனி எடுக்காத மாட்டுக்குப் பூச்சை நம்பி ஒரு நாளைக்கூட வீணாக்காதீர்கள்.

சரி, முதலில் கேட்ட மாட்டை என்ன செய்வது?

அதை எல்லா மாட்டுக்கும் கடைசியாகக் கறங்கள். கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்குங்கள். உடனே தீனி போட்டு நிற்க வையுங்கள், காம்புத் துவாரம் மூட அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். மற்ற மாடுகளின் பாலை சி.எம்.டி. என்ற மடிநோய் சோதனைக் கரைசலில் கலந்து பாருங்கள், கூழாகக் கெட்டிப்பட்டால் உள்ளே நோய் இருக்கிறது. கறவை மெஷின் இருந்தால் அதன் ரப்பர்களை மாற்றுங்கள், வெடித்த ரப்பரிலும் படலம் குடியேறும்.

பால் வற்றும் காலத்தில் காம்புக்குள் செலுத்தும் மருந்து ட்யூபுக்கு, கறக்கும்போது போடுவதைவிடக் குணமாகும் வாய்ப்பு அதிகம். முதல் ஈத்தில், புதிதாக வந்த நோயென்றால் நம்பிக்கை இன்னும் கூடும். உங்கள் மாட்டுக்கு மூன்றாம் ஈத்து, மாதங்களும் ஓடிவிட்டன. வற்று கால சிகிச்சைக்குப் பிறகும் அதே காம்பில் அதே கிருமி வந்தால் அந்தக் காம்பை வற்றவிடுவது பற்றி டாக்டரிடம் பேசுங்கள். விவரம் சொல்லாமல் சந்தையில் மட்டும் விற்றுவிடாதீர்கள். வாங்குபவரின் கொட்டகையில் நல்ல மாடுகள் இருக்கும்.