‘சார்டன்’ மாத்திரை: கேளுங்கள், சொல்கிறேன்

சுங்கை சிப்புட் பக்கம் மருந்தகத்திலேயே என் காலம் போனது. ரத்த அழுத்தத்துக்கு (பிரஷருக்கு) கொடுக்கும் லொசார்டன், வல்சார்டன், டெல்மிசார்டன் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: பிரஷருக்குப் போட்ட பெரிண்டொப்ரில் மாத்திரையில் ஒரே இருமல். லொசார்டனுக்கு மாத்திட்டாங்க. இனி வராதாக்கா?

பதில்: பெரும்பாலும் வராது தம்பி. ஆஞ்சியோடென்சின் 2 என்ற பொருள் ரத்தக் குழாயை இறுக்கும், உப்பை உடம்பில் தேக்கும். பெரிண்டொப்ரில் அது உருவாவதைத் தடுக்கிறது. கூடவே பிராடிகைனின் என்ற இன்னொரு பொருள் சிதையாமல் தேங்குகிறது, இருமல் அதனால்தான். லொசார்டன் அப்படியில்லை. அந்தப் பொருள் போய் ஒட்டுகிற இடத்தை முன்னாடியே அடைத்துக்கொள்ளும். பழைய மாத்திரை மிச்சமிருந்தால் கிளினிக்கில் கொடுத்துவிடு. இரண்டையும் சேர்த்துப் போடாதே.

கேள்வி: பிரஷர் 120/80 வந்துடுச்சு. நிறுத்தலாமா?

பதில்: வேண்டாம்மா. மாத்திரை போடுவதால் வந்த எண் அது.

கேள்வி: செம்பனைக் குலை வெட்டுறேன். முட்டிவலிக்குக் கடையில டிக்ளோஃபெனாக் வாங்கிப் போடலாமா?

பதில்: கேட்காமல் போடாதீர்கள் அண்ணே. சார்டன், சிறுநீரை அதிகம் போகவைக்கும் நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால், அதுவும் வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடம்பில், சிறுநீரகம் சட்டென்று படுத்துவிடும்.

கேள்வி: இளநீர் தினமும் ரெண்டு குடிக்கிறேன். தப்பா?

பதில்: லொசார்டன் போடுபவர் உடம்பில் பொட்டாசியம் வெளியேறுவது குறையும். இளநீரில் அது நிறைய. சிறுநீரகம் பழுதானவருக்கு ஆபத்து.

கேள்வி: எங்க தாத்தா சாகும்வரை குடிச்சாரே!

பதில்: தாத்தா லொசார்டன் போட்டாரா? இளநீரை நான் பழிக்கவில்லை. ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதிலும் பொட்டாசியம்தான். மாத்திரை தொடங்கிய, அளவு கூட்டிய ஓரிரு வாரத்தில் ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். உங்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டு எங்கே?

கேள்வி: பிரஷர் இறங்கிடுச்சு, நிறுத்த...

பதில்: மேலே சொல்லிவிட்டேன். நிறுத்தாதீர்கள்.

கேள்வி: மருமகளுக்கு ரெண்டு மாசம். டெல்மிசார்டன் போடுறா.

பதில்: இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள், அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள். வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தை இது கெடுக்கும். மாற்று மருந்து இருக்கிறது.

கேள்வி: வாந்தி, வயிற்றுப்போக்கு. மாத்திரை போடவா?

பதில்: கிளினிக்குக்குப் போன் பண்ணுங்கள். சாப்பாடு, தண்ணீர் தங்கும்வரை நிறுத்தி வைக்கச் சொல்லலாம்.

கேள்வி: இன்சுலின் எப்போ போடணும்?

பதில்: அதை நீரிழிவு நர்ஸிடம் கேளுங்கள்.

கேள்வி: அக்கா, இளநீர்க்காரன்தான். சீட்டு கிடைச்சது. பொட்டாசியம் 5.6.

பதில்: அது அதிகம். இப்போதே சீட்டோடு கிளினிக்குக்குக் கிளம்புங்கள். நெஞ்சு படபடத்தால், கைகால் தளர்ந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு. இளநீர் வேண்டாம்.