ஆள் எத்தனை, பூட்ஸ் எத்தனை? ஓய்வுபெற்ற சுபேதாரிடம் சில கேள்விகள்

(ராணுவத் தளவாடக் கிடங்குகளில் 26 வருஷம். இப்போது கிருஷ்ணகிரியில் மாந்தோப்பு.)

காவேரிப்பட்டணம், கல்லூரி மாணவர்: ஐயா, சண்டை இல்லாத காலத்தில் 12 லட்சம் பேருக்கு மேல் ராணுவத்தில் எதற்கு? தேவைப்படும்போது எடுத்தால் போதாதா?

எடுக்கலாம் தம்பி. 1939-ல் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சுமார் 2 லட்சம் பேர். 1945-ல் 25 லட்சம். ஆனால் ஆறு வருஷம் பிடித்தது. அதற்குள் மலாயாவும் பர்மாவும் கைவிட்டுப் போயின. உங்கள் ஊர் மாங்கூழ் ஆலையில் சீசனுக்குக் கூலியாட்களைச் சேர்த்துவிடுவார்கள். பாய்லர் பார்க்கிறவரை மே மாதத்தில் போய்த் தேட முடியுமா? ராணுவத்தில் சிப்பாய்களை நேரடியாக நடத்துகிற ஹவில்தார் அப்படி. ஒருவர் தேறி வரப் பத்து வருஷமாவது ஆகும்.

ஊத்தங்கரை, ஆசிரியை: 1962 சீனப் போரில் ஆள் குறைவால்தான் தோற்றோமா?

ஆளும் குறைவுதான் டீச்சர். அதைவிட, வடகிழக்கு எல்லையில் நாம்கா சூ ஆற்றோரம் நிறுத்தியவர்களில் பலருக்குப் பருத்திச் சட்டை, கேன்வாஸ் ஷூ. ஆளுக்கு 50 தோட்டா. இந்தக் கணக்கு எனக்குப் பழக்கம். ஒரு கிடங்கில் பதிவேட்டில் ஆயிரம் ஜோடி பூட்ஸ் இருந்தது. பெட்டியைப் பிரித்தால் பாதிக்கு மேல் 10, 11-ஆம் நம்பர். நம் பையன்களுக்கு வேண்டியது 7. தணிக்கையில் எல்லாம் சரி என்று கையெழுத்தும் ஆகியிருந்தது!

ஓசூர், ஆலை ஊழியர்: 2001 நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு, ஆள் இருந்தும் பாகிஸ்தான் எல்லைக்குப் படை போக ஏன் தாமதம்?

தாக்கும் படைகள் உள்நாட்டு முகாம்களில் இருந்தன. ரயிலேறி எல்லைக்குப் போய்ச் சேர மூன்று வாரம். அதற்குள் வெளிநாட்டுச் சமாதானத் தூது வந்துவிட்டது. 1971 வங்கதேசப் போர் வேறு மாதிரி. ஏப்ரலில் அரசு கேட்டபோது ராணுவத் தளபதி மானெக்‌ஷா அவகாசம் வாங்கினார். டிசம்பரில் 13 நாளில் முடிந்தது.

தொரப்பள்ளி, இளைஞர்: அண்ணா, வேலையை விடாமல் சேர வழி உண்டா?

பிரதேச ராணுவம் (டெரிடோரியல் ஆர்மி) இருக்கிறது. 18 முதல் 42 வயது வரை. 1949 அக்டோபர் 9-ல் அதைத் தொடங்கிவைத்தவர் உங்கள் ஊர்க்காரர் ராஜாஜிதான்.

பென்னாகரம், ஒரு தந்தை: அக்னிபத் நல்லதா?

ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் திட்டம் அது. 2022-ல் வந்தது, நாலு வருஷம், நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரம். படைக்கு வயது குறையும், சரி. மீதி 75 பேரைப் பற்றித்தான் நான் கேட்கிறேன். பட்டியலில் வைத்து, வருஷத்துக்கு ஒரு மாதம் கூப்பிட்டுப் பழக்கினால் அது ரிசர்வ், தேவைப்படும்போது கூப்பிடத் தயாராக இருக்கும் படை. அப்புறம், அவர்களுக்கும் 7-ஆம் நம்பர் பூட்ஸ் வேண்டும்.